அரைநாள், கடற்கரை உட்பட

நீச்சலுடையை உள்ளேயே அணிந்து வாருங்கள் என்று
சீட்டில் அச்சடித்திருக்கிறோம்.
உடைமாற்ற அங்கே இடமில்லை,
நேரமும் இல்லை.

ஆகவே காலை ஒன்பது மணிக்கு
தர்ராஃபல் சிறைமுகாம் வாசலில்
சட்டைக் காலருக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும்
மஞ்சள் நாடா, சிவப்பு நாடா.
தேங்காய் மணக்கும் வெயில்களிம்பு.

என் பெயர் தொமித்தீலியா.
ஏழு வருடமாக இதே வாசலில் இதே வேடிக்கை:
"உள்ளே போவது சுலபம்.
வெளியே வரச் சாவி என்னிடம்."
பாதிப்பேர் சிரிப்பார்கள்.
மீதிப்பேர் சிரிக்கலாமா என்று
பக்கத்து முகத்தைப் பார்ப்பார்கள்.

முப்பத்தாறில் திறந்தது.
லிஸ்பனுக்குப் பிடிக்காதவர்களை
லிஸ்பன் இங்கே கப்பலேற்றியது.
ஐம்பத்துநான்கில் மூடி
அறுபத்தொன்றில் மறுபடி.
இம்முறை அங்கோலாக்காரர், கினிக்காரர், எங்களவர்.
எழுபத்துநான்கு மே முதல் தேதி கதவு திறந்தது.
ஆண்டுகளை அடுக்கும்போது என் குரல்
தக்காளி விலை சொல்கிற குரலாகிவிடுகிறது.
தெரியும். நிறுத்த முடியவில்லை.

அப்புறம் அந்தச் சிமெண்டுப் பெட்டி.
காலை நீட்டிப் படுக்க முடியாது.
சின்ன ஹாலந்து என்று பெயர்.
எங்கள் தீவில் பிழைப்புத் தேடிப் போகிறவர்கள்
ஹாலந்துக்குத்தான் போவார்கள்,
கிறிஸ்துமஸுக்குக் கோட்டும் சாக்லேட்டும் அனுப்புவார்கள்.
யார் வைத்த பெயரோ,
கிண்டலில் உப்பு சற்றுத் தூக்கல்.

ஒவ்வொருவராய் உள்ளே குனிந்து
ஒரு படம் எடுத்துக்கொண்டு
ஒவ்வொருவராய் வெளியே வருவார்கள்.
பதினொன்றேகாலுக்கு வேன்.
வால்தீனு ஹாரன் அடிப்பான்.

பிறகு சொல்லவா வேண்டும்.
தென்னை, வெள்ளை மணல்,
நீலம் பூசிய படகுகளுக்கு நடுவே
மீன் குடல் அள்ளும் பெண்கள்.
இவோனியின் கடையில் பொரித்த விலாங்கு
(பத்துக்கு ஒன்று எனக்கு).
ஒரு மணி நேரம்
யாருக்கும் நான் தேவைப்படுவதில்லை.

அன்றைக்கு ஒருவர் தண்ணீரிலிருந்து வந்தார்.
ஏதோ ஊரில் குழாய் பழுதுபார்ப்பவராம்.
காதில் நீர் புகுந்து
ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கேட்டார்:
"அங்கிருந்து இது கேட்குமா?"
எது?
"இது" என்று முதுகுப்பக்கம் கையை வீசினார்.
அலை.

கேட்கும் என்றேன்.
காசு கொடுத்து வந்தவர்களிடம்
இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.
அவர் குதிப்பதை நிறுத்தினார்.
ஈர உடம்பின்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு
வேன் நிழலில் போய் உட்கார்ந்தார்,
இன்னும் நாற்பது நிமிடம் பாக்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மூடிய பிறகு, போனேன்.
காவல்காரர் ஃபௌஸ்தீனுவிடம்
ரேடியோவைக் கொஞ்சம் அணைக்கச் சொன்னேன்.
மாரடைப்பா என்றார்.
பெட்டிக்குள் குந்தி உட்கார்ந்தேன்.
ஆடு. மோட்டார்சைக்கிள்.
எங்கோ ஓர் உரலில் சோளம்.
என் காதுக்குள் என் ரத்தம்.
எங்கள் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவது.
எடுத்துப் போகும், கொண்டுவராது.

ஒரே ஒரு முறை காற்று மூச்சுவாங்க நின்றது.
அப்போது ஏதோ.
கடலாக இருக்கலாம்.
அஸ்ஸொமாதா சாலையில்
லாரி கியர் மாற்றியதாகவும் இருக்கலாம்.
முழங்கால் மரத்துப்போகும்வரை இருந்தேன்.
அது மறுபடி வரவில்லை.

இப்போது பெட்டி முன்னால்
யாரும் பேச வேண்டாம் என்கிறேன், ஒரு நிமிடம்.
எதற்கென்று சொல்வதில்லை.
சிலர் தலை குனிகிறார்கள், அஞ்சலி என்று நினைத்து.
ஒரு பையன் கடிகாரத்தைப் பார்க்கிறான்.
களிம்பு வழிந்து கண் எரிகிறது யாருக்கோ.
அந்த நிமிடத்தை அலுவலகம்
கடற்கரைக் கணக்கில் கழிக்கிறது.

போன வாரம் குறைகள் எழுதும் தாளில்
வட்டமான கையெழுத்தில் ஒரு வரி:
கடலுக்கு நேரம் போதவில்லை.

கீழே என் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு.
போட்டேன்.